கம்பளை முதலாளிக்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்?

நான் கண்டிக்கு வந்தது ஆங்கிலம் படிப்பிக்க. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் சீனியர் பரீட்சை எழுதி, ஆங்கிலப் பாடத்தில் விசேட சித்தி என்ற உயர்ந்த தேர்ச்சி பெற்றிருந்தேன். அந்தச் சித்தியைப் பற்றி ஊரில் சொல்லக்கூடிய எல்லோரிடமும் சொல்லி முடித்தாகிவிட்டது. சிலரிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். ஆகவே கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தபோது, வேலையைவிடப் புதிய ஆட்கள் கிடைக்கப்போகிறார்கள் என்பதுதான் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கக் கந்தோர்களிலும் புதிதாக ஒருவரையும் எடுக்கவில்லை. இந்த நேரத்தில் வேலை கிடைத்தது உன் அதிர்ஷ்டம் என்று அப்பா சொன்னார். கண்டியின் அதிர்ஷ்டம் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

கண்டி குளிரும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு கம்பளிக் கோட்டுத் தைப்பித்துக்கொண்டு வந்திருந்தேன். கண்டி அவ்வளவு குளிரவில்லை. மழைதான் பெய்தது. நனைந்த கம்பளியில் ஆட்டுக்கிடாய் மணம் வீசியது. ஆனாலும் ஆங்கில ஆசிரியர் கோட்டில்லாமல் வீதியில் போவது எப்படி என்று, வாவிக்கரையில் வெயில் எரிக்கும் மத்தியானத்திலும் அதைப் போட்டுக்கொண்டு நடந்தேன். வகுப்பில் முன்வாங்கில் இருந்தவர்கள் அடிக்கடி மூக்கைத் தடவிக்கொள்வார்கள். கண்டியில் சளியும் தடிமனும் அதிகம் என்று வீட்டுக்கு எழுதினேன்.

வந்து சில மாதங்களில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அரசாங்க அதிபரின் கச்சேரியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். திருகோணமலை வீதியில் அரிசிக் கடை ஒன்றின் மேல்மாடியை எடுத்து, சனிக்கிழமை பின்னேரங்களில் வளர்ந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்தி வந்தார். தொண்டையில் ஏதோ கோளாறு வந்து, அதிகம் பேசக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். வகுப்பை என்னிடம் ஒப்படைக்க வந்திருந்தார். வருகிறவர்கள் எல்லாம் ஒரே மாதிரியான ஆட்கள் இல்லை, கடை முதலாளிமார், தோட்டத்துக் கணக்கப்பிள்ளைமார், லொறிக்காரர் என்று பல விதம், சிலருக்கு எழுத்தே தெரியாது, சிலர் மனு எழுதுவார்கள் என்று தாழ்ந்த குரலில் விளக்கினார்.

"எல்லாரையும் ஒரே வாங்கில வைச்சுப் படிப்பிக்கேலாது, தம்பி. ஆருக்கு என்ன தேவை எண்டு முதல்ல அளந்து பாரும்" என்றார்.

அளப்பது என்று அவர் சொன்னதை நான் ஒரு பெரும் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். தேவையை எப்படி அளப்பது? பரீட்சை வைத்துத்தான். எனக்கு வேறு வழி எதுவும் தோன்றவில்லை. என்னை அளந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் அளந்திருந்தார்கள்.

ஒரு முழுக் கிழமை இருந்து வினாத்தாள் தயாரித்தேன். எருதுக்கு ஆங்கிலத்தில் பன்மை என்ன, நரிக்குப் பெண்பால் என்ன என்று கேட்டேன். சிங்கங்கள் கூட்டமாக இருந்தால் அதற்கு என்ன பெயர், ஓநாய்கள் இருந்தால் என்ன பெயர் என்று கேட்டேன். செய்வினை வாக்கியங்களைச் செயப்பாட்டு வினையாக்கச் சொன்னேன். சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கச் சொன்னேன். கடைசியில், பனி கொட்டும் காலை நேரத்தைப் பற்றி ஒரு சிறு கட்டுரை. கட்டுரை எழுதப் போகிறவர்களில் ஒருவரும் பனி கொட்டிப் பார்த்ததில்லை. கேட்டவனும் பார்த்ததில்லை. ஆனால் நான் படித்த புத்தகங்களில் நல்ல ஆங்கிலம் வரும் இடங்களிலெல்லாம் பனி கொட்டியது. ஆங்கிலத்துக்கு அது வேண்டும்போலும் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அரிசிக் கடை மாடியில் எல்லோரும் தலையைக் குனிந்து எழுதினார்கள். கீழே மூட்டை இறக்கும் சத்தம். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாங்குகளுக்கு நடுவே உலாவினேன். என்னைவிட வயதில் மூத்தவர்கள் என்னைக் கண்டு பயப்படுவது அதுவே முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

தாள்களைத் திருத்தியபோது மனம் சோர்ந்துவிட்டது. ஓரளவு நன்றாக எழுதியவர் ஒரே ஒருவர். இவ்வளவு தெரிந்தபின் வகுப்பு எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, அவர் அடுத்த கிழமை வரவில்லை. மடுல்கெலைத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தார். மெலிந்த, பேச்சுக் குறைந்த மனிதர். கண்டியில் தங்கையின் வீட்டுக்கு வந்து தங்கி வகுப்புக்கு வருகிறவர். அவர் எல்லாக் கேள்விகளையும் விட்டுவிட்டு, சொந்த வாக்கியம் கேட்ட இடத்தில் மட்டும் ஒன்று எழுதியிருந்தார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் காலையில் ஆட்களைத் திட்டும் வசை அது. அச்சில் ஏற்ற முடியாதது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. நான் யோசித்து யோசித்து, எழுத்துக்கு முழுப் புள்ளியும் கொடுத்து, பக்கத்தில் 'விஷயம் பொருத்தமற்றது' என்று சிவப்பு மையில் எழுதினேன்.

இன்னொரு தாள் வெறுமையாக இருந்தது. அடியில் மட்டும் அறபு எழுத்தில் ஓர் அழகான கையொப்பம். கம்பளையில் புடைவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவருடைய தாள் அது. ஐம்பது வயது கடந்தவர், நரைத்த தாடி, துருக்கித் தொப்பி. ஒவ்வொரு சனியும் கடையை மகனிடம் விட்டுவிட்டு ரயிலேறி வருவார். அவருடைய கையொப்பத்துக்கு மேலே பெரிய முட்டை ஒன்று போட்டேன். அந்த நல்ல கையெழுத்துக்குப் பக்கத்தில் என் முட்டைதான் கோணலாக விழுந்தது.

வகுப்பை மூன்றாகப் பிரித்தேன். மேல் வகுப்பில் ஒருவரும் இல்லாததால், நடு வகுப்பும் கீழ் வகுப்பும் மிஞ்சின. இதைப் பற்றி ஊர்க்காரருக்கு ஆங்கிலத்தில் நீண்ட அறிக்கை எழுதிக் கொடுத்தேன். கச்சேரியில் இருந்தவர் ஆகையால் நீளத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். முதலாளி கீழ் வகுப்பில், படிக்கட்டுக்குப் பக்கத்து வாங்கில் அமர்ந்தார். பூனை, எலி, பாய், தொப்பி என்று அவருக்குச் சின்னச் சின்னச் சொற்களாகப் படிப்பித்தேன். அவர் ஒவ்வொரு சொல்லையும் கண்ணை மூடி, ஓதுவதுபோலப் பக்தியோடு சொல்லுவார். மழையானாலும் வந்தார். பிந்தி வந்ததே இல்லை. எனக்குக் கிடைத்த சிறந்த மாணவர் இவர்தான், மந்தம்தான் குறை என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போனபின், அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், ஒரு விசயம் கேக்கணும். குத்தமா எடுக்க வாணாம். இந்தப் பூனையும் எலியும் கோட்டுல வருமா?"

எனக்கு விளங்கவில்லை. என் கோட்டைக் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது நீதிமன்றத்தை.

அப்போதுதான் கதை வெளியே வந்தது. கம்பளையில் அவருடைய கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய சந்து, ஓடை என்பார்கள். ஆள் ஒருவர் தோளைத் திருப்பிப் போகலாம். அடுத்த கடைக்காரர் கலகெதரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய சிங்களவர், சட்டி பானை, விளக்கு, ஆணி விற்பவர். ஓடை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு கண்டியில் ஒரு நீதிமன்றத்தில் நாள் குறித்துக் குறித்து, தவணை தவணையாக நடந்துகொண்டிருந்தது. இருவரும் சுவரோடு சுவராக இருந்து வியாபாரம் செய்தும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவருக்காக வழக்குப் பேசும் பிறக்டர் மற்றவருடைய பிறக்டரோடு பேசுவார், அதுவும் ஆங்கிலத்தில், நீதவான் முன்னால்.

"என்ட பிறக்டரும் மத்தப் பக்கத்துப் பிறக்டரும் நீதவான் துரையும் பேசிட்டு ஈக்கக்கொள்ள, மூணு பேரும் சிரிப்பாங்க மாஸ்டர். சிரிச்சிட்டு எங்கட பக்கம் பாப்பாங்க. அது என்னப் பத்தியா இல்லயாண்டு எனக்குத் தெரியணும். மத்த இங்கிலீசு எனக்குத் தேவல்ல."

சாட்சி சொல்வதையெல்லாம் முதலியார் மொழிபெயர்ப்பாரே என்று கேட்டேன். நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும் உத்தியோகத்தரை முதலியார் என்றுதான் சொல்வார்கள். கேள்வியையும் பதிலையும் அவர் மொழிபெயர்ப்பார், சிரிப்பை மொழிபெயர்ப்பது அவர் வேலை இல்லை என்றார் முதலாளி.

"இதை நீங்கள் முதலே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க கேக்கல்லயே மாஸ்டர். ஒங்கட தாள்ல நரிட பொண்டாட்டியத்தானே கேட்டீங்க."

குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். எனக்கு முகம் சுட்டது. சுட்டதை மறைக்க, அடுத்த தவணைக்கு நானே உங்களோடு வந்து, அவர்கள் சிரிக்கும்போது என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று அந்த இடத்திலேயே விளக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். விசேட சித்தி பெற்றவனுக்கு அது ஒரு பெரிய காரியமா?

தவணை ஒரு பள்ளிக்கூட விடுமுறை நாளில் வந்தது. கோட்டை முதல்நாளே வெயிலில் காய வைத்துப் போட்டுக்கொண்டு போனேன். உயர்ந்த கூரை, நீண்ட வாங்குகள், ஜன்னலில் காகங்கள். முன் வாங்கில் முதலாளியும் நானும். நடையின் மறுபக்கத்தில் ஆணிக்கடைக்காரர், கொண்டை போட்டு, வெள்ளைச் சட்டையோடு, எங்களைப் பாராமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பிறக்டர்மாரும் நல்ல பருத்த உடல்வாகு. நீதவான் ஒரு வெள்ளைக்காரர், வயதானவர், சொற்களை வாய்க்குள் பாதி வைத்துக்கொண்டு மீதியை வெளியே விடுவார்.

நான் தலையைச் சாய்த்து, எல்லாம் விளங்குகிறவன்போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். சில நேரம் தலையும் ஆட்டினேன். வழக்கு மெல்ல நகர்ந்தது. திடீரென்று நீதவான் ஏதோ சொன்னார். எங்கள் பிறக்டர் ஏதோ பதில் சொன்னார். மூவரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, முதலாளி சொன்னது சரி, எங்கள் பக்கம்தான் பார்த்தார்கள்.

முதலாளி என் காதருகே குனிந்தார். "என்ன மாஸ்டர் சென்னாங்க?"

அவர்கள் சொன்னதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றும் இருக்கவில்லை. பிஷப், அதாவது மேற்றிராணியார், என்ற சொல் கேட்டது. குடை கேட்டது. செவ்வாய்க்கிழமை கேட்டது. மூன்றையும் முன்பின்னாக மாற்றி அடுக்கிப் பார்த்தேன். ஒரு மேற்றிராணியார் செவ்வாய்க்கிழமை குடை பிடித்தால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? புதன்கிழமை பிடித்திருந்தால் சிரித்திருக்கமாட்டார்களா? முதலாளி காத்திருந்தார். அவருடைய மூச்சு என் கன்னத்தில் பட்டது.

"எனக்கும் விளங்கேல்லை" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை, ஏளனமும் இல்லை. நோயாளியைப் பார்க்கும் வைத்தியரின் கரிசனை இருந்தது.

"பரவால்ல. ஒங்களுக்குப் படிச்சுத்தந்த மாஸ்டர் இன்னும் ஈக்கிறாரா? அவர்ட்டக் கேட்டுப் பாக்கேலுமா?"

அன்று வாவியைச் சுற்றி நடந்து அறைக்குப் போனேன். மற்றவர்களை அளந்து கீழ் வகுப்பில் வைக்கும்போது இல்லாத சந்தேகமெல்லாம் வந்தது. என்னையே என் வினாத்தாளில் உட்கார வைத்தால் நான் மேல் வகுப்புத்தான். அந்த நீதிமன்றத்தில் உட்கார வைத்தால், படிக்கட்டுக்குப் பக்கத்து வாங்குகூட எனக்குக் கிடைக்காது.

அடுத்த சனிக்கிழமை முதலாளி வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வந்ததும், யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். சிரிப்பை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு இங்கிலீசு படிக்க இந்த ஆயுள் போதாது, மாஸ்டருக்கே போதவில்லை. ஆகவே அவர்கள் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்பதற்கு மட்டும் ஒரு வசனம் சொல்லித் தாருங்கள். மற்றதை அவர்களே சொல்லட்டும்.

எனக்கு இது பிடித்துவிட்டது. அன்றிரவே உட்கார்ந்து ஒரு வசனம் செய்தேன். கனம் பொருந்திய நீதவான் அவர்கள் கிருபை கூர்ந்து, இச்சபையில் சற்று முன்னர் எழுந்த நகைப்பின் காரணத்தை, அதை அறியும் பாக்கியமற்ற அடியேனுக்கும் அறியத் தருவாராயின் என்று போகும் அது, ஆங்கிலத்தில். நிபந்தனை வாக்கியமும் இருந்தது, செயப்பாட்டு வினையும் இருந்தது. அடுத்த வகுப்பில் முதலாளி அதைச் சொல்ல முயன்றார். பாதியில் மூச்சு வாங்கி நின்றார். திரும்ப முயன்று, இன்னும் முன்னாலேயே நின்றார். பின்வாங்கிலிருந்து மடுல்கெலைக் கணக்கப்பிள்ளை முதல் தடவையாக வாய் திறந்தார்.

"அவ்வளவையும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்க சிரிச்சு முடிச்சு வீட்டுக்குப் போயிருவாங்களேங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வசனத்தை வெட்டினோம். வெட்ட வெட்ட எனக்கு வலித்தது. கடைசியில் மிஞ்சியது, "ப்ளீஸ் சேர், வட் இஸ் த ஜோக்?" அவ்வளவுதான். மரியாதை போதாதே என்று நான் கவலைப்பட்டேன். மரியாதையை முகத்தில் வைத்துக்கொள்வேன் என்றார் முதலாளி. கிழமைதோறும் எழுந்து நின்று, தொப்பியைச் சரி செய்து, அந்த ஒரு வசனத்தைச் சொல்லிப் பழகினார். வகுப்பில் மற்றவர்கள் நீதவானாகவும் பிறக்டராகவும் இருந்து சிரித்துக் கொடுத்தார்கள். அந்த மாடியில் அவ்வளவு உற்சாகமாக ஒரு பாடமும் நடந்ததில்லை. நான் மட்டும், இதற்கு எந்தப் பாடப் புத்தகத்தில் இடம் இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

தவணை நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்தது. நீதிமன்றத்தை அவமதித்ததாக முதலாளியைப் பிடித்துவிட்டால்? யார் இந்த வசனத்தைச் சொல்லித் தந்தது என்று கேட்டால்? போகம்பறைச் சிறை அங்கிருந்து அதிக தூரமில்லை. தலைமையாசிரியரிடம் கெஞ்சி லீவு எடுத்துக்கொண்டு போனேன். போய், முன்வாங்குக்குப் போகாமல், கதவுக்குப் பக்கத்தில் ஒரு தூணின் மறைவில் நின்றேன். முதலாளி திரும்பித் திரும்பித் தேடினார். நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். கோட்டின் பாதி வெளியே தெரிந்திருக்க வேண்டும். அவர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு தலையசைத்தார்.

அன்று நில அளவையாளரின் படத்தை விரித்து வைத்து விவாதம் நடந்தது. எங்கள் பிறக்டர் எழுந்து ஓடையின் அகலத்தைக் கையால் காட்டினார். மற்றவரும் எழுந்து காட்டினார். நீதவான் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, ஏதோ முணுமுணுத்தார். பிறக்டர்மார் இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே முதலாளியின் பக்கம் திரும்பினார்கள்.

முதலாளி எழுந்து நின்றார். தொப்பியைச் சரி செய்தார்.

"ப்ளீஸ் சேர், வட்டீஸ் ஜோக்?"

  எங்கள் பிறக்டர் அவரை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். அவர் உட்காரவில்லை. முகத்தில் மரியாதையை வைத்துக்கொண்டு நின்றார். நான் கதவு எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்தேன்.

நீதவான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய முகம் மெல்லச் சிவந்தது. அது கோபமில்லை, வெட்கம் என்று பிறகுதான் எனக்குப் பட்டது. முதலியாரைப் பார்த்து, தான் சொன்னதை இரு பகுதியாருக்கும் மொழிபெயர்க்கும்படி சொன்னார். முதலியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாட்சி வாக்குமூலம் வாசிக்கும் அதே குரலில் தமிழில் சொன்னார்:

"இந்த இரண்டு பிறக்டர்மாரும் அந்த ஓடைக்குள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், வழக்குக்காரர் இருவருக்கும் கால் வைக்க இடமிராது என்று கனம் நீதவான் அவர்கள் அபிப்பிராயப்படுகிறார்கள்."

பிறகு அதையே சிங்களத்தில் ஆணிக்கடைக்காரருக்குச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. முதலியாருடைய குரலில் சொன்னால் எதற்கும் சிரிக்க முடியாது. முதலாளி ஒரு கணம் யோசித்தார். "துரை சென்னது சரிதான்" என்று தமிழில் சொல்லிவிட்டு அமர்ந்தார். நீதவான் வழக்கை இன்னொரு தவணைக்குப் போட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் முதலாளி என்னைத் தேடிக்கொண்டு நின்றார். நான் தூணிலிருந்து பிரிந்து போவதற்குள் ஆணிக்கடைக்காரர் அவரிடம் வந்துவிட்டார். இருவரும் சிங்களத்தில் பேசினார்கள். எனக்கு அப்போது சிங்களம் சந்தையில் விலை கேட்கும் அளவுக்குக்கூடத் தெரியாது. பிறகு முதலாளிதான் சொன்னார். அவர்கள் சிரிக்கும்போதெல்லாம் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று ஆணிக்கடைக்காரரும் இத்தனை நாளாக நினைத்திருந்தாராம். வீட்டில் மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டாராம். நல்ல வேளை கேட்டீர்கள், முதலாளி என்றாராம். எத்தனையோ வருஷத்துக்குப் பின் இருவரும் பேசிய முதல் பேச்சு அது.

மூவருமாகப் போய் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்தோம். அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் மேசையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். நடுநடுவே முதலாளி கையால் ஓடையின் அகலத்தைக் காட்டினார். ஆணிக்கடைக்காரர் அவருடைய கையைப் பிடித்துச் சற்று அகலப்படுத்தினார். முதலாளி அதை ஒத்துக்கொண்டதுபோல் இருந்தது.

அடுத்த தவணையில் வழக்கு சமாதானமாகிவிட்டது. ஓடை இருவருக்கும் பொது. மழைத்தண்ணி போக நடுவில் ஒரு வாய்க்கால், அதை இருவரும் சேர்ந்து கட்டுவது என்று முடிவு. பிறக்டர்மார் அவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கவில்லை என்று கேள்வி.

எனக்கும் முழு மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. அதற்கடுத்த சனிக்கிழமையோடு முதலாளி வகுப்பை நிறுத்திவிட்டார். தேவை முடிந்துவிட்டது என்று நன்றி சொல்லி, கடையிலிருந்து கொண்டுவந்த, உடுக்கிற சாரம் ஒன்றும் தந்துவிட்டுப் போனார். இன்னும் நிகழ்காலத்தையே முடிக்கவில்லை, இறந்தகாலம் இருக்கிறது, எதிர்காலம் இருக்கிறது என்று படிக்கட்டுவரை தொடர்ந்து போய்ச் சொன்னேன். அதெல்லாம் அல்லாஹ்வின் கையில் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அதன்பின் வகுப்புக்கு யார் புதிதாக வந்தாலும் நான் பரீட்சை வைக்கவில்லை. தமிழிலேயே பேசிக் கேட்டேன். உங்களுக்கு இங்கிலீசு எங்கே வேண்டும், யாரோடு, எதற்கு? பழையவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். கணக்கப்பிள்ளையையும் கேட்டேன். தோட்டத்தில் துரை நன்றாகத் தமிழ் பேசுவார், ஆனால் கோபம் வந்தால் இங்கிலீசுக்குப் போய்விடுவார் என்றார்.

"அதுல எது சும்மா காலையில திட்டுறது, எது வேலையை விட்டுப் போங்கறதுன்னு தெரிஞ்சாப் போதுங்க. தெரியாம ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போயி மூட்டை கட்டவான்னு யோசிக்கிறோம்."

தாளில் அவர் எழுதியது ஒரு கேள்வி என்று எனக்கு அப்போது புரிந்தது. அது வெறும் வசைதான், அதற்கு மூட்டை கட்ட வேண்டியதில்லை என்று சொன்னேன். அவர் நெடுமூச்சு விட்டார். பிறகு பல சனிக்கிழமைகள் அவருக்காக நான் ஆங்கில வசைகளைச் சேகரித்து, அவற்றின் கனத்தை விளக்கினேன். விசேட சித்திக்குப் படித்த புத்தகங்களில் அவை இல்லை. வெட்கத்தை விட்டு, பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பித்த பறங்கி ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் ஆர்வமாகக் குறித்துக்கொள்வதைப் பார்த்து அவர், யாழ்ப்பாணத்தார் எதையும் படித்துப் பாஸ் பண்ணிவிடுவார்கள் என்று மற்றவர்களிடம் சொன்னாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி கம்பளைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். வாய்க்கால் கட்டி முடிந்திருந்தது. ஆணிக்கடைக்காரர் வீட்டிலிருந்து பலகாரம் வந்திருந்தது. மத்தியானம் சோறு தின்று முடிந்ததும் முதலாளி வெற்றிலையை மடித்துக்கொண்டே, நான் கண்டியில் எவ்வளவு காலம் இருக்கப்போகிறேன் என்று கேட்டார். ஊர்ப்பக்கம் மாற்றம் கிடைக்கும்வரை இருப்பேன் என்றேன். கடையில் சாமான் வாங்கும்போது என்ன செய்கிறீர்கள், பஸ்ஸில் இடம் கேட்க என்ன செய்கிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு எப்படிப் பேசுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் கையால்தான் என்று ஒத்துக்கொண்டேன். அன்று தேத்தண்ணிக் கடையில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்ததையும் அவர் கவனித்திருந்தார்.

"ஒங்களுக்கு சிங்களம் கொஞ்சம் வேணும் மாஸ்டர். ஞாயித்துக்கிழமைல இங்க வந்து நில்லுங்க. வாற ஆக்களோட பேசிப் பேசி வந்துரும்."

அப்படித்தான் நான் கம்பளையில் ஒரு புடைவைக் கடையின் மேசைக்குப் பின்னால் நின்றேன். கோட்டைக் கழற்றிவிடச் சொன்னார், ஆட்கள் வரமாட்டார்களாம். முதலில் சொல்லித் தந்தது, சாயம் போகாது என்பது. "பாட்ட யன்னே நே" என்று சொல்லச் சொன்னார். சிங்களத்தில் போகாது என்பதற்கும் போகவேண்டாம் என்பதற்கும் அதிக தூரமில்லை. ஒரு பெண் பூப்போட்ட சீத்தைத் துணியை விரித்துப் பார்த்து, சாயம் போகுமா என்று கசக்கிப் பார்த்து, திருப்தியில்லாமல் வாசலுக்குத் திரும்பினாள். நான் பதறிப்போய், சாயத்தை விட்டுவிட்டு, "யன்ன எபா, யன்ன எபா" என்றேன். போகாதே, போகாதே என்று அர்த்தம்.

அவள் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து வாங்கில் அமர்ந்தாள். ஏதோ கேட்டாள், ஏன் போகக்கூடாது என்றுதான் இருக்கவேண்டும். எனக்கு அதற்கு மேல் சொல் இல்லாததால், கையில் கிடைத்த துணிகளை எல்லாம் அவள் முன்னால் விரித்துக்கொண்டே இருந்தேன்.